ஈஸ்வரி வைத்த முதல் பக்கப் பரீட்சை

போன மாதம் நான் கடைசிவரை வேலை பார்த்த பள்ளியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் யாராவது வந்து, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களிடம் பேச வேண்டுமாம். நான் பேசி முடித்ததும் ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். "பசங்க எந்நேரமும் போனைத்தான் பாக்கறாங்க டீச்சர். வகுப்புல எந்தப் புத்தகத்தக் குடுத்தாலும் கொட்டாவி விடறாங்க. உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது, இல்லீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் போன் இல்லை, டிவி இருந்தது. கொட்டாவியில் மட்டும் எந்தக் குறைவும் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலாக ஈஸ்வரியின் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று எல்லோரும் கேட்டதால் இப்போது எழுதுகிறேன்.

ஈஸ்வரி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறாள். உன்னைப் பற்றி எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுதுங்க டீச்சர். ஆனா என்னைய நொம்ப நல்ல புள்ளையாக் காட்டீராதீங்க. படிக்கறவங்க தூங்கீருவாங்க" என்றாள்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்றுத் தந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: கரும்பலகையில் நேராக எழுத வேண்டும், எந்தக் கதையை நடத்தினாலும் அதன் நீதியைப் பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். இரண்டையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, நியமன உத்தரவுடன் சேலத்தில் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டேதான் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து நாகலூர் போகும் இன்னொரு பஸ். இறங்கிய இடத்தில் பனிமூட்டத்தில் எதிரே நின்ற மாடுகூடத் தெரியவில்லை. ஒரே வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஓய்வு பெறும்வரை அந்த மலையை விட்டு இறங்கவில்லை.

அதற்கு முதல் காரணம் எங்கள் தலைமையாசிரியர் கந்தசாமி சார். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, குடை கையில் இருக்கும். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன புகார் கொண்டு வந்தாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பார். பிறகு, "நீங்க சொன்னத நான் ஒருக்காத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று அவர்கள் சொன்னதை அப்படியே, ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல்லிக் காட்டுவார். ஒருமுறை ஒரு பெரியவர் வந்து, தன் மகனை வாத்தியார் வேண்டுமென்றே பெயிலாக்கிவிட்டதாகக் கத்தினார். சார் நிதானமாக, "உங்க பையன் பரீட்சைக்கு வரல. நோம்பிக்கு மாமன் ஊட்டுக்குப் போயிட்டான். வராதவனுக்கு வாத்தியார் மார்க்குப் போடல. அதனால அவுருக்கு உங்க பையன் மேல கோவம். சரிங்களா?" என்றார். பெரியவர் எதிரே வைத்திருந்த டீயைக் கையில் எடுத்தார். பிறகு, "நான் அப்பிடியா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வாசிப்பு வகுப்பு. ஒரு பெஞ்சுக்கு ஒரு புத்தகம்தான் கிடைக்கும். ஒரு பெஞ்சில் உள்ளவர்கள் தலையை நெருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு பிள்ளை எழுந்து ஒரு பத்தி வாசிக்க, அடுத்த பிள்ளை அடுத்த பத்தியை எடுக்க வேண்டும். புத்தகங்களை நான்தான் தேர்ந்தெடுப்பேன். உண்மை பேசிய சிறுவன், உழைத்து முன்னேறிய தச்சன், கூட்டாளியைக் காப்பாற்றிய மாணவன் என்று எல்லாம் நல்ல கதைகள். வாசிப்புத் தொடங்குவதற்கு முன்பே கரும்பலகையில் கதையின் நீதியை எழுதி, அடியில் சாக்பீஸால் ஒரு கோடும் இழுத்துவிடுவேன்.

எங்கள் பள்ளிக்கு மேல் எஸ்டேட், கீழ் எஸ்டேட் என்ற இரண்டு காப்பித் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மேல் எஸ்டேட்டின் தொழிலாளர் கிளப் அறைக்கு டிவி வந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி நாடகம், ஞாயிற்றுக்கிழமை சினிமா. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். ஒருவர் கூரைக்குப் போய் அதைத் திருப்ப, உள்ளிருந்து நாலு பேர் "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு" என்று கத்துவார்கள். ஈஸ்வரியின் குடும்பம் மேல் எஸ்டேட் லயனில் இருந்தது. லயன் என்பது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். அவள் அப்பா முத்துசாமி, காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் மெஷினில் வேலை பார்த்தார். அம்மா பழம் பறித்தார். கீழ் எஸ்டேட் பிள்ளைகளுக்கு டிவி எட்டாது. அதனால் புதன்கிழமை காலையில் பள்ளி மரத்தடியில் ஈஸ்வரி முழு நாடகத்தையும் அவர்களுக்கு நடித்தே காட்டுவாள். மாமியார் குரல் ஒன்று, மருமகள் குரல் ஒன்று. மழை வந்து கரண்டு போய்ப் பாதியில் நின்றுபோன நாடகத்துக்கு முடிவையும் அவளே போட்டுவிடுவாள். பிறகு மணி அடிக்கும்வரை அதைப் பற்றிக் கும்பலாகச் சண்டை நடக்கும்.

ஒரு புதன்கிழமை பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். என் வகுப்புக்கு வந்தபோது, வெள்ளிக்கிழமை வகுப்புக்கான 'உழைப்பின் உயர்வு' என்ற தலைப்பை அழகாகப் பலகையில் எழுதி வைத்திருந்தேன், அவர் பார்க்கட்டும் என்றுதான்.

"டிவி நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் அதிகாரி.

"கெட்டதுங்க சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

"புத்தகம்?"

"நல்லதுங்க சார்!"

அவருக்குத் திருப்தி. "ஏன்னு யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லுங்க பாக்கலாம்" என்றார். ஈஸ்வரி கை தூக்கினாள். நன்றாகப் பேசுகிறவளாயிற்றே என்று எனக்குச் சந்தோஷம்.

"சார், டிவில நாடகத்தப் பாத்துட்டு மறுநா முச்சூடும் நாங்க சண்டை போடறோம்ங்க. அவ ஏன் அப்பிடிப் பண்ணுனா, அவன் சொன்னது நெசமா பொய்யான்னு. வகுப்புல படிக்கற கதைக்கு இதுவரைக்கும் ஒருக்காக்கூடச் சண்டை போட்டதில்லீங்க."

"ஏன்?"

"சண்டை போட அதுல ஒண்ணுமே இருக்காதுங்க சார். நல்லவன் செயிச்சிருவான். அதையும் நாங்க படிக்கறதுக்கு முன்னாடியே டீச்சர் போர்டுல எழுதிப் போட்டுருவாங்க."

அதிகாரி மெதுவாகத் திரும்பிப் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோடு மிக நேராக இருந்தது.

"அப்ப டிவிதான் நல்லதுங்கறியா?"

"அதையும் முழுசா நல்லதுன்னு சொல்ல மாட்டனுங்க. அதுல வர்ற ஊட்டுலயெல்லாம் நடுவுல ஒரு மாடிப்படி இருக்குதுங்க. யாரும் வேலைக்குப் போற மாதிரியே தெரியல. ஆனா தெனமும் புதுச்சீலை கட்டறாங்க. அதப் பாத்துப் பாத்து எங்க லயன்ல அக்காங்க, காப்பிக் காட்டுக்குப் போட்டுட்டுப் போற சட்டையோட ரோட்டுக்கு வர வெக்கப்படறாங்க. முந்தியெல்லாம் அப்பிடி இல்லீங்க. அதனால டிவி பாத்தாலும் கேள்வி கேக்கோணும், புக்கு படிச்சாலும் கேள்வி கேக்கோணும். கேள்வி கேக்க உடற புக்காக் குடுத்தா நாங்க ஏனுங்க தூங்கப்போறோம்?"

அதிகாரி என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"யோசிக்க வேண்டியதுதாங்க சார்" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆசிரியர் அறையில், "உங்களுக்கு மெமோ நிச்சயம்" என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் கந்தசாமி சார் ஈஸ்வரியைக் கூப்பிட்டார். அவளோடு நானும் போனேன். "நீ சொன்னத நான் ஒருக்காத் திருப்பிச் சொல்றேன் கண்ணு, சரியான்னு பாரு" என்று எல்லாவற்றையும், மாடிப்படி உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நூலக பீரோ சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நாளைக்கு இவங்களையே எடுக்கச் சொல்லுங்க டீச்சர். பீரோவத் தொறந்து நொம்ப நாளாச்சு, பூச்சிக்கும் ஒரு மாறுதல் வேணும்" என்றார்.

வியாழக்கிழமை அந்த பீரோவைத் திறந்ததும் கிளம்பிய தூசியில் வகுப்பே தும்மியது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டேன். ஈஸ்வரியிடம் பதில் தயாராக இருந்தது.

"மொதப் பக்கத்த மட்டும் சத்தமாப் படிக்கறதுங்க டீச்சர். படிச்சு நிறுத்துனதும் யாராச்சும் 'அப்புறம்?'னு கேட்டா அந்தப் புக்கு பாஸு. யாரும் கேக்கலீன்னா உள்ள வெச்சிரலாம்."

"நான் ஒரு புத்தகம் எடுத்தா?"

"அதுக்கும் இதே பரிச்சதாங்க."

அன்று நான் உயிராக நினைத்திருந்த எத்தனையோ புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே தோற்றன. உழைத்து முன்னேறிய தச்சன் வாசிக்கப்பட்டு முடிந்தபோது வகுப்பு ஜன்னல் வழியாக மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் சிறிது நேரத்தில் அந்த விளையாட்டு என்னையும் பிடித்துக்கொண்டது. நானே அடுத்த புத்தகத்தை அவசரமாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அட்டை கிழிந்து, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நாவல் வந்தது. முதல் பக்கத்தில், கட்டிக் கொடுத்த ஊரிலிருந்து ஒரு பெண் விடியற்காலையில் நடந்தே அண்ணன் வீட்டுக்கு வந்து வாசலில் நிற்கிறாள். எதற்கு வந்தாய் என்று கேட்காமல் அண்ணன் வாசலையே பார்க்கிறான். அங்கே பக்கம் முடிந்தது.

"அப்புறம்?" என்றது வகுப்பு. அதில் என் குரலும் இருந்தது.

இதற்குள் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. அதிகாரி வந்த அன்று எஸ்டேட் ரைட்டர் ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். கணக்கு எழுதும் அவர் சொன்னால் லயனில் அதுதான் செய்தி. "உம்மக பெரிய ஆபீசரையே எதுத்துப் பேசீட்டாளாம்" என்று அவர் முத்துசாமியிடம் சொல்ல, அது வாய்க்கு வாய் வளர்ந்து, பள்ளிக்கூடத்தையே மூடப்போகிறார்கள் என்கிற அளவுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்துசாமி தோளில் துண்டோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க சார், எம்புள்ள பண்ணுனதுக்கு மன்னிச்சிருங்க. அதோட டிசியக் குடுத்துருங்க. நாளையில இருந்து அவங்கம்மாளோட பழம் பறிக்கப் போகட்டும். இந்த டிவியப் பாத்துப் பாத்து வாய் நீண்டுபோச்சுங்க."

இப்படி டிசி வாங்கிக்கொண்டு போன பெண்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சார் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க சொன்னத நான் ஒருக்காத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. டிவியப் பாத்து உங்க புள்ளைக்கு வாய் நீண்டுபோச்சு. அதனால பள்ளிக்கூடத்த நிறுத்தறீங்க."

"ஆமாங்க."

"டிவிய நிறுத்தலீங்களா?"

முத்துசாமி விழித்தார். "அது எஸ்டேட்டு டிவிங்களே சார். நான் எப்பிடீங்க அத நிறுத்தறது?"

சார் சிரிக்கவில்லை. எப்படித்தான் அடக்கினாரோ, எனக்குத் தெரியாது. "டிசி எழுதக் கொஞ்சம் நேரமாகும்ங்க. அதுவரைக்கும் டீச்சரோட அந்த வகுப்புல போய் உக்காந்திருங்க" என்றார்.

கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, முத்துசாமி உட்கார்ந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஈஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்று நான் பலகையில் எதுவும் எழுதவில்லை. அந்த நாவலின் ஒரே பிரதி கை மாறி வந்தது; அவள் முறை வந்ததும் எழுந்து வாசித்தாள். முதல் இரண்டு வரி காதில் விழவே இல்லை. மூன்றாவது வரியில் கதை அவளை இழுத்துக்கொண்டது. குரல் தானாக ஏறியது.

அண்ணன் தங்கையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு அவள் மாமியார் ஊருக்கு நடக்கிறான். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. ஊர் எல்லையில் ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொள்கிறான். மாமியார் வீட்டு வாசலில் அவளை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அங்கே அத்தியாயம் முடிந்தது.

வகுப்பு வெடித்தது. "கட்டிக் குடுத்தாச்சு, கொண்டுபோய் உட்டதுதான் சரி" என்றான் ஒருவன். "உனக்கு அக்கா இருக்குதா?" என்று ஒருத்தி எழுந்தாள். அண்ணன் ஏழை, என்ன செய்வான் என்று ஒரு கட்சி. ஏழை என்றால் பேச்சும் வராதா என்று இன்னொரு கட்சி. நான் யாரையும் அடக்கவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து கனமான ஒரு குரல் வந்தது.

"டீச்சருங்க, நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

முத்துசாமி எழுந்து நின்றிருந்தார். மேசை இடித்த முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொறந்தவன் அத்தன தூரம் கூட்டீட்டுப் போனானே, வழில ஒரு வார்த்த கேட்டானா? 'ஏங்கண்ணு வந்தே, என்ன ஆச்சு'ன்னு? ஊர்க்காரன் என்ன சொல்லுவானோன்னு பயந்து மூஞ்சிய மூடிக்கிட்டு நடந்தானே ஒழிய, அந்தப் புள்ளைய வாயத் தொறக்கவே உடலீங்களே!"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். ஈஸ்வரி புத்தகத்தை மார்போடு பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் எப்போது வந்து நின்றாரோ, கந்தசாமி சார் தொண்டையைச் செருமினார்.

"முத்துசாமி, நீங்க சொன்னத நான் ஒருக்கா..."

"வேண்டாம்ங்க சார்!" முத்துசாமி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "வேண்டாம்ங்க. எனக்கே கேட்டுருச்சுங்க."

வகுப்பு சிரித்த சிரிப்பில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஈஸ்வரியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மணி அடித்ததும் முத்துசாமி மகளின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "அந்த ஆபீசருகிட்ட என்னதான் சொன்னே? மொதல்ல இருந்து சொல்லு சாமி" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே எஸ்டேட் பாதையில் அவள் பேசிக்கொண்டே போனாள். டிசியைப் பற்றி அதன்பிறகு யாரும் வாயெடுக்கவில்லை.

மெமோவும் வரவில்லை. அடுத்த வருஷம் அதே அதிகாரி வந்தபோது கையில் ஒரு புத்தகம் இருந்தது. எங்கள் முதல் பக்கப் பரீட்சையைப் பற்றிக் கந்தசாமி சாரிடம் கேள்விப்பட்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம். "இதுக்கும் பரீட்சை வைங்க" என்று அவரே முதல் பக்கத்தை வாசித்தார். நல்ல குரல். நிறுத்திவிட்டு ஆவலோடு வகுப்பைப் பார்த்தார். யாரும் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. பிள்ளைகள் மரியாதைக்குக்கூடப் பொய் சொல்லவில்லை. அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

எனக்கு அந்த வருஷங்கள்தான் வேலையின் ருசியைக் காட்டின. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். என் விருப்பத்தில் ஒரு புத்தகம், அவர்கள் விருப்பத்தில் ஒரு புத்தகம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். எனக்குப் பிடித்தவற்றில் சில, வேறு பக்கத்திலிருந்து தொடங்கி வாசித்தால் பாஸாகும் என்று கண்டுபிடித்தேன். ஈஸ்வரி அதை ஏமாற்று வேலை என்றாள். ஆனாலும் அப்படிப் படித்த கதைகளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். பிறகு சினிமா பார்க்கப் போவார்கள். சினிமா முடிந்ததும், அந்தக் கதாநாயகிக்கு ஏன் ஒரு வேலையும் இல்லை என்று லயன் பெண்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கிளப்பைப் பூட்ட விடாமல் சண்டை போடுகிறார்கள் என்று ரைட்டர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதற்குப் பிறகும் கிடைத்ததில்லை.

ஈஸ்வரி பத்தாம் வகுப்பு நல்ல மார்க்கில் பாஸ் செய்தாள். பதினொன்றாம் வகுப்புக்குச் சேலத்தில் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. அவளை வழியனுப்ப நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு நானும் போயிருந்தேன். முத்துசாமி தலையில் டிரங்குப் பெட்டி. அழுகையாக இருக்கும் என்று நினைத்துக் கைக்குட்டையோடு போன எனக்குக் காதில் விழுந்தது சண்டை. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்த கதையில், ஒரு பாகன் தான் வளர்த்த யானையைக் காட்டில் அவிழ்த்து விட்டுவிடுகிறான்.

"பழகுன யானையக் கொண்டுபோயிக் காட்டுல உட்டா அது என்ன பண்ணும் பாவம்? எங்க தண்ணி இருக்குது, எங்க தழை இருக்குதுன்னு அதுக்குத் தெரியுமா?" என்றார் முத்துசாமி.

"அதெல்லாம் அது கண்டுபிடிச்சுக்கும்ப்பா!"

"நீ சொல்லிட்டாப் போதுமா? டீச்சருங்க, நீங்க சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பெட்டியைப் பின்வாசலில் ஏற்றிவிட்டு, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார். "நான் ஒத்துக்கவே மாட்டேன் கண்ணு! லீவுக்கு வருவீல்ல, அப்பப் பேசிக்கலாம்!"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. "ஏம்மா, எந்த யானை அது?" என்று கண்டக்டர் உள்ளே விசாரித்தது எங்களுக்கே கேட்டது. முத்துசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எம்பி எம்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஈஸ்வரியின் கை உயரமாக நீண்டிருந்தது. நாங்களும் கையை ஆட்டினோம். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. கண்டக்டருக்கு யானையின் உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.